வெண்டலிடம் இருந்த ஒரே சுரம்

எங்கள் தூராபின் ஊரில் வெண்டல் கிரெப்ஸ் எதிரே வந்தால், ஆட்கள் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போய்விடுவார்கள். கெட்டவன் என்பதால் இல்லை. நின்று பேசினால் கையிலிருக்கும் பெட்டியைத் திறந்துவிடுவான் என்பதால். மின்சாரக் கம்பெனியில் அவன் எஞ்சினியர். கம்பியில் ஓடும் மின்சாரத்தில் எங்கெங்கே அழுக்கு சேர்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதற்காகக் கொடுத்த பெட்டியை அவன் சொந்தப் பிள்ளை மாதிரி ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலைவான். மைக்கைச் செருகி எந்தச் சத்தத்தைக் காட்டினாலும், பெட்டியின் திரையில் வேலிக்கால் நட்ட மாதிரி கோடுகள் எழுந்து நிற்கும். சில கோடு நெட்டை, சில கோடு குட்டை.

நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் தெரு மாறிப் போகும் வசதி எனக்கு இல்லை. தினமும் காலையில் என் பேக்கரிக்கு வந்து ஒரு பன்னை வாங்கிக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிடுவான்.

"இங்க பாரு நோலீன். இது உன் ஃப்ரிட்ஜ் போடுற சத்தம். நமக்கு ஒரே உறுமலாத்தான் கேக்குது. உள்ள பாத்தா ஒரு கும்பலே நின்னு முனகிட்டு இருக்கு."

"அத்தனை பேருக்கும் நான் டீ போடணுமா?"

"விளையாடாதே. நாய் குரைக்கறது, தகரம் உருள்றது, எதுவா இருந்தாலும் சரி, சுத்தமான ஒத்தை முனகல் எல்லாம் சேந்த கலவைதான் அது. எது எது கலந்திருக்கு, எவ்வளவு கலந்திருக்குன்னு பிரிச்சிடலாம். பிரிச்சதைத் திருப்பிச் சேத்தா அதே நாய் அதே மாதிரி குரைக்கும். ஃபூரியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எரநூறு வருஷம் முன்னாடியே சொல்லிட்டுப் போயிட்டார்."

"நான் சுட்ட கேக்கைக் குடுக்கறேன். அதுலேருந்து முட்டையைத் திருப்பி எடுத்துக் குடு, பாக்கலாம்."

"கேக்ல முடியாது. சத்தத்துல முடியும். அதான் கேக்கைவிடச் சத்தம் உசத்தி."

பேக்கரிக்காரியிடம் சொல்லும் பேச்சா இது? பன்னைப் பிடுங்கிக்கொண்டு அவனை அன்றைக்கு வெளியே அனுப்பினேன். மறுநாள் வெட்கமில்லாமல் வந்து நின்றான்.

இப்படித்தான் எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கினான். பப்பில் பீர் குளிர்விக்கும் மோட்டாரின் சத்தத்தை அளந்து, "இதுக்குள்ள ஒரு பேரிங் சாகக் கிடக்கு" என்றான். அடுத்த வாரமே மோட்டார் நின்று, சனிக்கிழமை அன்று ஊரே வெதுவெதுப்பான பீர் குடித்தது. அவன்தான் சூனியம் வைத்தான் என்று பப்காரர் இன்னும் நம்புகிறார். பாதிரியாரின் பிரசங்கத்தை அளந்துவிட்டு, "முக்கால் மணி நேரமும் ஒரே கோடு" என்று வாசலில் நின்று சொன்னான். மருந்துக்கடை கிளெண்டாவின் கணவர் விடும் குறட்டையையும் அவர்கள் லாரி எஞ்சினையும் அருகருகே திரையில் போட்டுக் காட்டி, "எதைச் சர்வீசுக்கு விடறதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றான். கிளெண்டா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

ஆனால் அவனுக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் ஊர்ப் பாட்டுக்குழுவில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

குழுவுக்குப் பயிற்சி நடக்கும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் பாடாத ஆள் நாயோடுதான் பேச வேண்டும். பப்பில் சமையல்காரர் பாடப் போய்விடுவதால் அன்று சாப்பாடுகூடக் கிடையாது. வெண்டலோ தனிக்கட்டை. கம்பெனி வேனை ஊர் ஹாலுக்கு வெளியே மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். ஏதோ கம்பியைச் சோதிக்கிற மாதிரி பாவனை வேறு. தாமதமாக ஓடிப்போகிற அன்றெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாவமாக இருக்கும்.

சேர்க்காதவர் எங்கள் குழுவை நடத்தும் லியோனி ஹார்ட்விக். பள்ளிக்கூடத்தில் அவரிடம் படிக்காதவர்கள் ஊரில் குறைவு. அதனால் தலை நரைத்த நாங்கள்கூட அவரை இன்றைக்கும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். வெண்டல் மூன்று தடவை பாடிக் காட்டினான். மிஸ் தன் வீட்டுப் பியானோவில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே சத்தம்.

மூன்றாவது தடவை மிஸ் பியானோவை மூடினார். "வெண்டல், உன்கிட்ட இருக்கறது ஒரே ஒரு சுரம். அதுவும் நான் கேட்ட சுரம் இல்ல. போய் லைட்டைக் கவனி."

மிஸ் அப்படிப் பேசலாம். அவருடைய காது அவ்வளவு பிரசித்தம். எங்கள் குழுவுக்குப் பியானோ கிடையாது, சுருதிக்கு எந்தக் கருவியும் கிடையாது. ஏழு மணிக்குக் கையை உயர்த்துவார். கண்ணை மூடுவார். கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு மெல்ல முனகி ஆரம்ப சுரத்தைக் கொடுப்பார். வருடத்துக்கு வருடம் அதே சுரம், இம்மி பிசகாது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள்.

அந்தக் காதுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஹாலில் ஃபேன் எல்லாம் ஓட வேண்டும். கோடையில் சரி. எங்கள் பக்கம் நடுக்குளிர்காலமான ஜூலை மாதம், வெளியே புல்லில் உறைபனி படியும் குளிரிலும் ஓட வேண்டும். "அசையாத காத்துல என் காது தொறக்காது" என்பார். நாங்கள் கோட்டும் கழுத்துத்துணியும் கம்பளித் தொப்பியுமாக நின்று பல் தந்தியடிக்கப் பாடுவோம். ஒரே ஒரு வருடம் போட்டிக்காகப் பக்கத்து ஊரான டால்பியில் போய்ப் பாடினோம். கேட்க முடியாதபடி இருந்தது. அந்த ஹாலில் கம்பளம் விரித்ததுதான் காரணம் என்று மிஸ் சொன்னார், நாங்களும் நம்பினோம்.

வருடாந்திரப் பாட்டுப் போட்டி வழக்கமாக எங்கள் ஹாலில், ஏழு மணிக்கு, ஊர்க்காரர்களான நாங்கள்தான் முதலில். பெரும்பாலும் நாங்களே ஜெயிப்போம். நடுவர் மட்டும் எந்த வருடமும் ஒன்று சொல்வார். குழு மொத்தமும் ஒரு மயிரிழை உயரத்தில் ஆரம்பிக்கிறது, ஆனால் ஒன்றுபோல ஆரம்பிக்கிறது என்று. "அவர் காது ஒரு மயிரிழை தணிவு" என்பார் மிஸ்.

இப்போது வெந்நீர்க் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வெந்நீர்த் தொட்டி உண்டு. அதை முடுக்குவது கம்பெனி. அதற்கென்று தனிக் கம்பி கிடையாது. மின்சாரம் வருகிற அதே கம்பியில் ஒரு மெல்லிய விசிலை ஏற்றி அனுப்புவார்கள். வீட்டிலிருக்கும் சுவிட்சு அந்த விசிலுக்கு மட்டும் காது கொடுத்து, தொட்டியை முடுக்கிவிடும். அந்த நேரத்தில் சீலிங் ஃபேன்கள் சில, "ஞீ... ஞீ..." என்று இரண்டு நிமிடம் முனகும். பிறந்ததிலிருந்து கேட்கிறோம். அதனாலேயே எங்கள் யார் காதிலும் அது விழுவதில்லை. எங்கள் பகுதியில் அது சாயங்காலம் ஏழு மணிக்கு வரும்.

அந்த வருடம் கம்பெனி அட்டவணையை மாற்றியது. கூரைக்குக் கூரை சூரியத் தகடு வந்துவிட்டதால் மத்தியானத்தில் மின்சாரம் கொட்டிக் கிடக்கிறதாம். ஆகவே தண்ணீரைப் பகல் பன்னிரண்டுக்கே சுட வைத்துவிடுவார்கள். புது அட்டவணையைப் போட்டவன் வெண்டல்தான். பெருமை தாங்காமல் எனக்கு அதைப் பற்றி ஒரு காலை முழுக்கச் சொன்னான்.

படிக்கிற உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

அடுத்த செவ்வாய் மிஸ் கையை உயர்த்தினார், கண்ணை மூடினார், நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு கொடுத்த சுரத்தில் கிளெண்டாவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது, அவ்வளவு உச்சம். அடுத்த வாரம் அதலபாதாளம். ஆண்கள் தவளை மாதிரி கத்தினார்கள். மிஸ் முதலில் எங்களைத் திட்டினார். பிறகு பருவநிலையைத் திட்டினார். கடைசியில் ஹாலில் புதிதாகப் போட்ட லைட்டைப் பார்த்தார்.

"அந்த வெண்டலைக் கூப்பிடு. அவனோட லைட்டு ஏதோ சத்தம் போட்டு என் காதைக் கெடுக்குது."

செவ்வாய்க்கிழமை அன்று வெண்டல் முறையாக ஹாலுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. தலைசீவி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். எங்கள் எதிரே மைக்கை நட்டு, பெட்டியைத் திறந்து, பாடப் பாடப் பதிவு செய்தான்.

அங்கேதான் அவன் கோட்டை விட்டான். முப்பது வருடப் பழக்கம். எந்தப் பதிவை எடுத்தாலும் அவன் முதலில் செய்வது, கம்பெனி விசில் இருக்கிற இடத்தை மட்டும் ஒரு சல்லடை போட்டு நீக்கிவிடுவது. அது சொந்த அழுக்கு, அதைத் துடைத்துவிட்டுத்தான் மற்றவன் அழுக்கைத் தேட வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியமாம். விடையைத் துடைத்து எறிந்துவிட்டு விடையைத் தேடினான். லைட்டில் குற்றமில்லை. ஹால் ஃப்ரிட்ஜ் யோக்கியம். கூரைத் தகரம், தண்ணீர்க்குழாய், அடிக்குரலில் பாடும் பப் சமையல்காரரின் மூக்கடைப்பு வரைக்கும் அளந்து பார்த்தான். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. மிஸ் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பயிற்சி முடிந்ததும் யாரோடும் பேசாமல் காரில் ஏறிப் போய்விடுவார்.

ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று, போட்டிகளில் நான் போனில் பிடித்து வைத்திருந்த பழைய பாட்டுகளை வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துக் காலையில் வந்தான். பன்னைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"நோலீன், கிளெண்டா அப்பல்லாம் பக்கெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டா பாடினா?"

"ஏன், உனக்கு மறுபடியும் அவகிட்ட வாங்கிக் கட்டிக்கணுமா?"

"கேளு."

போட்டான். பழைய பாட்டு. உண்மையாகவே கிளெண்டா மட்டுமல்ல, நாங்கள் எல்லோருமே உள்ளே ஒன்றுமில்லாத டப்பா மாதிரி ஒலித்தோம். பிறகு இந்த மாதப் பாட்டைப் போட்டான். சுருதி நாராசம், ஆனால் குரல் குரலாக இருந்தது.

"உன் சல்லடைதான் ஏதோ பண்ணுது. அதை எடுத்துட்டுப் போடு."

"அது விசிலை மட்டும்தான் எடுக்கும். பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டுப் போட்டான். பழைய பாட்டில் எங்கள் குரல் நிறைந்து வந்தது. அதற்கு முன்னால், மிஸ் முனகுவதற்குச் சற்று முன்னால், தூரத்துக் கொசு மாதிரி ஒன்று கேட்டது. ஞீ... ஞீ...

வெண்டல் பன் நிறைந்த வாயோடு அப்படியே நின்றான்.

பிறகு விளக்கினான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் விளக்கியதை நான் கடைசி வரைக்கும் கேட்டேன். மனிதர் ஒரு சுரத்தைப் பாடினால் அது மட்டும் வருவதில்லையாம். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே மேலே சின்னச் சின்னச் சுரங்கள் கூடவே ஏறி உட்கார்ந்திருக்குமாம். எல்லாம் சேர்ந்ததுதான் குரல். கம்பெனி விசில் வினாடிக்கு ஆயிரத்து ஐம்பது அதிர்வு. எங்கள் ஆரம்ப சுரத்தின் நான்காவது மடங்கு மிகச் சரியாக அதே இடத்தில் நின்றது. அதனால் விசிலை எடுத்த சல்லடை எங்கள் குரலிலிருந்தும் ஒரு பங்கை உருவிவிட்டது. பியானோவில் இருக்கிற முறையான சுரமாக இருந்திருந்தால் கொஞ்சம் தணிவாக நின்று தப்பித்திருக்கும்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஒரு மயிரிழை" என்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஃபேன்" என்றான் அவன். "மிஸ் சுரத்தை ஃபேன்லேருந்து எடுத்திருக்கு. அதுக்கே தெரியாம எடுத்திருக்கு. நான் அந்த விசிலை மத்தியானத்துக்கு மாத்திட்டேன்." பிறகு அவன் முகத்தில் பழைய விஷமம் பொங்கி வந்தது. "முப்பது வருஷமா மிஸ்ஸோட காதுன்னு ஊரே கொண்டாடினது எங்க வெந்நீர் விசிலைத்தான். இதை பப்ல சொன்னா எப்படி இருக்கும் தெரியுமா?"

நான் ரொட்டிக் கத்தியைக் கையில் எடுத்தேன். "சொல்லிப் பாரு."

"என்ன ஆயிடும்?"

"மிஸ் இனிமே ஹால் பக்கமே வராது. குழு கலைஞ்சிடும். அப்புறம் செவ்வாய்க்கிழமை வேன்ல உக்காந்து நீ எதைக் கேப்பே, மரத்துல காக்கா கத்தறதையா?"

அவன் என்னைப் பார்த்தான். வேனை நான் கவனித்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாது. காது வரைக்கும் சிவந்துபோய், பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினான்.

போட்டிக்கு முந்திய பயிற்சியன்று, ஏழு மணிக்கு மிஸ் கையை உயர்த்தியதும் உத்தரத்திலிருந்து "ஈஈ..." என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு உடனே புரிந்தது. பாவி, சுரம் போடுகிற கருவி ஒன்றை மேலே ஒளித்து வைத்திருக்கிறான். ஆனால் எஞ்சினியர் மூளை. அச்சுப் பிசகாத சுத்தமான ஒற்றைச் சுரமாக அதைச் செய்து வைத்திருந்தான். ஃபேனின் கரகரப்பு அதில் துளியும் இல்லை. மிஸ் கண்ணைத் திறந்துவிட்டார்.

"யாரு விசில் அடிக்கறது?"

ஏணி வந்தது. உத்தரத்தின் மேலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. லைட்டைச் சோதிக்கும் சாக்கில் மூலையில் நின்றிருந்த வெண்டலை மிஸ் திரும்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"எலி விரட்டுற மிஷின், மிஸ்."

"இந்த ஹால்ல எலியே கிடையாது."

"அப்ப நல்லா வேலை செய்யுது, மிஸ்."

பள்ளிக்கூடத்தில் கவண்வில்லைப் பிடுங்கின அதே கையால் டின்னைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்றைய பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

போட்டி நாளான சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. டால்பிக்காரர்கள் புதுச் சீருடையில் மிதப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஏறியதும் வெண்டலைத் தேடினேன். வேனில் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு மூன்றாவது வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான். பெட்டியில்லாமல் அவனைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மிஸ் கையை உயர்த்தினார். கண்ணை மூடினார்.

ஃபேன்கள் சும்மா சுற்றின. ஹாலில் யாரோ இருமினார்கள். மிஸ் உயர்த்திய கையை இறக்கவில்லை. பொறுமை இழந்த கிளெண்டா தானே ஆரம்பிக்க மூச்சை இழுத்தாள். அவள் காலை மிதித்தேன்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, தணிவாக, கொஞ்சம் கரகரப்பாக, "ம்ம்ம்" என்று வந்தது.

அதே சுரம். அவன் பியானோ முன்னால் மூன்று தடவையும் முனகின அதே சுரம். முப்பது வருடம் கம்பத்துக்குக் கம்பம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்த விசிலையே கேட்டவனுக்குள், வேறு எதற்கும் இடமில்லாமல் அது ஒன்றுதான் தங்கியிருக்கிறது. என்ன, பெண்பிள்ளை விசில் மாதிரி இருந்ததை ஆண் குரலுக்குத் தகுந்தபடி இறக்கி வைத்திருந்தான். நடுவர் தலையைத் தூக்கிக் கூரையில் ஏதோ குழாயைத் தேடினார். மிஸ் கண்ணைத் திறக்கவில்லை. அந்த முனகலை அப்படியே வாங்கி எங்களுக்குக் கொடுத்தார். நாங்கள் பாடினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டில் அழுகிற இடம் எதுவும் இல்லை, அறுவடைப் பாட்டு அது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. டால்பிக்கு முதல் பரிசு. மயிரிழை உயரம் என்று நடுவர் வழக்கம்போலச் சொன்னார். யார் காது தணிவு என்று இந்தத் தடவை மிஸ் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கோட்டும் தொப்பியுமாக ஓடி வந்தபோது, மிஸ் ஹால் வாசலை விட்டு இறங்கி மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தார். கையில் பிஸ்கட் டின். வேனின் கண்ணாடியை அதனால் தட்டினார். நான் கதவோரமாக நின்றுகொண்டேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். நான் அதற்கு வெட்கப்படுகிற ஆள் இல்லை.

"இந்தா, உன் எலிப்பெட்டி."

"தேங்க்ஸ், மிஸ்."

"சனிக்கிழமை மூணாவது வரிசையில முனகினது யாரு?"

"எலியா இருக்கும், மிஸ்."

குளிரில் மிஸ்ஸின் மூச்சு புகையாக வந்தது.

"அந்த எலியை உள்ள வந்து பின் வரிசையில நிக்கச் சொல்லு. ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை முனகணும். அதுக்கப்புறம் வாயை மட்டும் அசைக்கணும். சத்தம் வந்துச்சு, காதைத் திருகிடுவேன்."

"எந்தச் சுரம், மிஸ்?"

"ஏன், உன்கிட்ட வேற ஏதாவது இருக்கா?"

உள்ளே வந்து நின்றான். எனக்குப் பின்னால்தான் இடம். தேய்த்த சட்டையில் சோப்பு வாசனை அடித்தது. மிஸ் மேடைக்கு முன்னால் போய்க் கையை உயர்த்தினார். கண்ணை மூடப் போனவர், மூடவில்லை. தலையை நிமிர்த்தி மேலே சுற்றுகிற ஃபேன்களைப் பார்த்தார். கையை இறக்கினார்.

"நோலீன், அந்த ஃபேனையெல்லாம் நிறுத்து" என்றார். "குளிருது."

நான் போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தேன். கடைசி ஃபேன் நின்றபின் கழுத்துத்துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, என் இடத்துக்குத் திரும்பினேன். மிஸ் மறுபடி கையை உயர்த்தினார். இந்தத் தடவை கண்ணைத் திறந்தபடியே பின் வரிசையைப் பார்த்து நின்றார். வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டு முனகினான்.